உன் அத்தையின் கால் மடங்காமல் போன காரணம்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டு உன் பைக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். சைலன்சர் குழாயில் இருந்த ஆக்சிஜன் சென்சாரைப் பைபாஸ் செய்துவிட்டதாகவும், அதன் ஒயரில் சின்னதாக ஏதோ ஒன்றைச் செருகியதோடு சரி என்றும் சொன்னாய். "முன்ன மெதுவாப் போனா வெட்டி வெட்டி இழுக்கும்ப்பா. இப்பத் தொட்டாப் போதும், வழுக்கிட்டுப் போகுது" என்றாய். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா ஒரு வார்த்தையாவது பாராட்டுவார் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். உன் கல்யாணம் முடிந்த மறு வாரமே, நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து கம்பம் வழியாகப் பீர்மேட்டுக்கு வரப்போவதாகச் சொன்னபோது, போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் குமுளிக்குப் போய், தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். அந்த சென்சார் என்ன செய்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எரிந்தது போக மிஞ்சி வரும் காற்றை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று வண்டியின் மூளைக்குச் சொல்கிற சாமானாம் அது. அதை எடுத்துவிட்டால் பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், புகையும் கூடும், ஆளுக்கு ஆபத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அதனால் உன் சென்சாரைப் பற்றிச் சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. உன்னைவிட எட்டு வயது குறைவாக இருந்தபோது நானும் இதே காரியத்தைச் செய்தேன். வண்டி வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் செய்தேன். அந்த வண்டி என்னுடையது அல்ல. அதன் பின்னால் உட்கார்ந்து போனது உன் அத்தை.

உன் அத்தை இடது காலை நீட்டியபடியேதான் உட்காருவாள் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ அந்தக் காலில் ஏறிச் சறுக்கி விளையாடுவாய். அவளும் சிரித்துக்கொண்டே இருப்பாள். ஏன் இந்தக் கால் மட்டும் மடங்கமாட்டேன் என்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம், மழையில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரும் சொன்னோம். அது பொய்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஃபேக்டரியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். அக்கா, அதாவது உன் அத்தை, அதே எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்த உன் மாமாவைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸில் இருந்தாள். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அதிகம் பேசாத மனிதர். இரண்டு டிவிஷனுக்கும் போய்வர ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து கலந்து ஊற்றுகிற வண்டி. தேயிலைக்கு நடுவே கல்லும் பள்ளமுமாகப் போகும் பாதையில் மெதுவாகப் போனால் அது இரண்டு தடவை விக்கி, ஒரு தடவை பாயும். பின்னால் புகை மண்டும். "இது என்னைக்காவது என்னைப் பள்ளத்துல தள்ளிரும் மாப்ள. உன்னால ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஃபேக்டரியில் மூத்த ஃபிட்டர்கள் என்னை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிடுவார்கள். நானாகப் பிரித்து, நானாக யோசித்து, நானாகச் சரி செய்ய ஒரு எஞ்சின் கிடைத்தது அதுதான் முதல் தடவை. வண்டியின் குறை என்ன என்று ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். மலையில் காற்று மெல்லிசு. கீழே சமவெளிக்கென்று வைத்த அளவில் பெட்ரோல் வந்தால், இங்கே அது அதிகம். எரியாமல் திணறும். கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை, அதில் வரிசையாக இருக்கும் வெட்டுகளில் இரண்டு வெட்டு இறக்கி வைத்தேன். பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றிவிட்டு, ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து அதைவிடச் சின்னத் துளை உள்ள ஜெட்டை எடுத்து மாட்டினேன். உதைத்துக் கிளப்பியதும் எனக்கே ஆச்சரியம். புகை இல்லை, விக்கல் இல்லை. ஆக்சிலரேட்டரைத் திருகினால் தண்ணீர் ஓடுகிற மாதிரி போனது. அத்தான் ஒரு சுற்று போய்வந்து, இறங்காமலேயே என் தோளைத் தட்டினார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற எல்லோரிடமும், "எம் மச்சினன் கை வச்ச வண்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

எதை எதை மாற்றினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முக்கியமாக ஒன்றைச் சொல்லவில்லை. அந்த அளவு மலைக்கு மட்டும்தான் பொருந்தும். கீழே இறங்கினால் காற்று கனம். அங்கே அதே துளை வழியாக வரும் பெட்ரோல் போதாது. எஞ்சின் கொதிக்கும். அந்த வண்டிக்கு ஆயிலும் பெட்ரோலோடுதான் போகவேண்டும் என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். வேகமாக ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, தெரியும். கழற்றிய ஜெட்டை எறியாமல் ஒரு பழந்துணியில் முடிந்து டூல் பெட்டியில் வைத்ததே, கீழே போகும்போது திரும்ப மாட்டவேண்டும் என்றுதான். ஆனால் இது மலைக்கு மட்டும் பார்த்த வேலை என்று சொன்னால், பாதி வேலை பார்த்தவன் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அத்தான் எங்கே கீழே போகப் போகிறார், போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் போனார்கள். அக்கா கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் டீச்சர் டிரெயினிங் படித்தவள். எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு அவளை எடுத்திருந்தார்கள். அங்கே ரோடு கிடையாது, தேயிலைக்குள் படி படியாக முக்கால் மணி நேரம் ஏறவேண்டும். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சின்ன வயதிலிருந்து ஏறின மேடு. சேருவதற்கு முன் அசல் சர்ட்டிபிகேட்டைக் காட்டவேண்டும் என்றார்கள். அதை வாங்கத்தான் இரண்டு பேரும் காலையில் கிளம்பினார்கள். ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்தி, "கம்பத்துக்குப் போறோம்டா, உனக்குத் திராட்சை வாங்கிட்டு வரவா?" என்று அக்கா கேட்டாள். நீல நிறச் சேலை கட்டி, பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடத்தில் எனக்கு ஜெட் ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. பக்கத்தில் மூத்த ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, நான் பார்த்த வேலையை நானே பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. மெதுவாகத்தானே போவார் அத்தான், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு கிலோவா வாங்கிட்டு வாக்கா" என்றேன்.

குமுளி மலைப்பாதையில் ஒன்றும் ஆகவில்லை. கீழே இறங்கி, கூடலூர் தாண்டி நேர் ரோடு வந்ததும் அத்தான் கொஞ்சம் விரட்டியிருக்கிறார். விரட்டக்கூடிய மாதிரிதான் வண்டியும் போயிருக்கிறது. எஞ்சின் ஒரு கிறீச்சலோடு நின்று, பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. அத்தானுக்கு உள்ளங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அக்கா எகிறி மைல்கல்லில் போய் விழுந்தாள். இடது முழங்கால் சிப்பி நொறுங்கிவிட்டது.

பதினொரு மணிக்கு ஃபேக்டரிக்கு போன் வந்தது. எஸ்டேட் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. மகனே, இனி எழுதப்போவதைத்தான் இத்தனை வருடம் உன்னிடம் சொல்லக் கூசினேன். ஜீப்பில் ஏறுவதற்கு முன் நான் ஒர்க் ஷாப்புக்குள் ஓடி டூல் பெட்டியைத் திறந்தேன். துணியில் முடிந்திருந்த ஜெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

கம்பம் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். மதுரைக்குக் கொண்டுபோக வேன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நான் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். கூடலூரில் ரோட்டோர ஒர்க் ஷாப் ஒன்றில் அதைத் தள்ளிவந்து நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். பத்து நிமிடம் போதும் எனக்கு. ஊசியைப் பழைய வெட்டுக்கு ஏற்றினேன், சின்ன ஜெட்டைக் கழற்றி, பழைய ஜெட்டை மாட்டினேன். சின்ன ஜெட்டைப் பக்கத்து வாய்க்காலில் வீசினேன். மெக்கானிக் வந்து சிலிண்டரைத் திறந்தார். கார்புரேட்டரையும் பார்த்தார். "எல்லாம் கம்பெனி அளவுலதான் இருக்கு. ஆயில் கம்மியா ஊத்திருக்காக. வேற என்ன?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு வார்த்தையை எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். எங்கள் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆயில் ஊத்துறதுல மிச்சம் பிடிச்சுல்ல எம் புள்ள கால முறிச்சுட்டான்" என்று லயத்து வாசலில் நின்று கத்தினாள். அத்தான் முதலில், "இல்ல அத்தை, அளந்துதான் ஊத்துனேன்" என்றார். இரண்டாவது தடவை அதையே சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டார். வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டார். இரண்டு டிவிஷனுக்கும் நடந்தே போனார். அக்கா நாலு மாதம் மதுரையில் கிடந்து, மடங்காத காலோடு திரும்பி வந்தாள். மேல் டிவிஷன் பள்ளிக்கு வேறு ஒரு டீச்சர் வந்துவிட்டார். பள்ளிக்கூட மணி காற்றில் கீழே வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

ஒரு வருடம் கழித்து அத்தான் ஃபேக்டரிக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளை ஒன்று. அதில் ஒரு கோட்டைக் காட்டி, "ஒரு லிட்டருக்கு இம்புட்டு ஊத்துனேன் மாப்ள. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ மெக்கானிக்கு, நீ சொல்லு. இது பத்தாதா?" என்றார். அது தாராளமாகப் போதும். அவர் கண்ணைப் பார்த்து, "கொஞ்சம் பத்தாதுதான் அத்தான்" என்றேன். அவர் கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். ஜெட்டை மாற்றியது பயத்தில் செய்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். இதற்கு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு வருடம் போனது. ஃபீல்டு ஆபீசர் வேலைக்கு அத்தானைப் போட மேனேஜர் முடிவு செய்திருந்தார். மூன்று டிவிஷன் பார்க்கவேண்டும், எஸ்டேட்டே மோட்டார் சைக்கிள் கொடுக்கும். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என்னை நம்பி வண்டியக் குடுக்காதீங்க சார். வேற ஆளப் பாருங்க" என்று சொன்னதாக ஆபீஸ் கிளார்க் வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மிஷின் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. தன் கை மேல் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கையை நான் எடுத்துத் தின்றுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஷிஃப்ட் முடிய நான் காத்திருக்கவில்லை.

பெரட்டுக்களத்தில் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, ஜெட், டூல் பெட்டி, வாய்க்கால், கண்ணாடிக் கோடு. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எத்தன வெட்டு எறக்குன?" என்று கேட்டார். சொன்னேன். "நான் ஊத்துன ஆயில் சரிதானா?" என்றார். "சரிதான் அத்தான்" என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். "உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தராசுக்குத் திரும்பினார். மாப்ள என்ற வார்த்தை அதில் இல்லை.

அக்கா வாசலில் ஸ்டூலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை முறத்தைக் கீழே வைக்கவில்லை. முடிந்ததும் வைத்தாள்.

"காலு போனதுக்கு நான் உன்ன ஒண்ணும் கேக்கலடா. விதின்னு விட்டுருவேன். ஆனா மூணு வருசமா நான் அவுகள என்னவெல்லாம் பேசியிருக்கேன் தெரியுமா? சோறு போடும்போது பேசுவேன். படியில ஏற முடியாம நிக்கும்போது பேசுவேன். நீங்க ஆயில்ல மிச்சம் பிடிச்சதுல எம் பொழப்பு போச்சுன்னு, அவுக ஆத்தா செத்த வீட்டுல வச்சுப் பேசியிருக்கேன். ஒரு நாள்கூட எதுத்து ஒரு சொல் சொன்னதில்ல அந்த மனுசன். என் வாயில இருந்து அதெல்லாம் வந்தது யாரால? இப்ப அத எப்படிடா நான் திருப்பி எடுப்பேன்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "போ. இப்ப என் கண்ணுல படாத" என்றாள்.

நான் திரும்பி நடக்கும்போது அத்தான் எதிரே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்தேன். அக்கா ஸ்டூலைப் பிடித்து எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அவர் கை கொடுக்கப் போனால் தட்டிவிடுவாள். அன்றைக்கு அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று வந்துவிட்டேன்.

ஃபீல்டு ஆபீசர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அத்தானுக்கு அது மறுபடி கிடைக்க ஆறு வருடம் ஆயிற்று. அவராக மோட்டார் சைக்கிளைத் தொடவும் இல்லை. ஒரு நாள் அக்காதான், "என்னை ஏத்திக்கிட்டுப் போங்க" என்று பிடிவாதம் பிடித்து, யாருடைய வண்டியிலோ காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, எஸ்டேட்டைச் சுற்றி வந்தாளாம். நான் பார்க்கவில்லை. அதற்குள் உண்மை தெரிந்திருந்த எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். அக்கா ஒரு வருடத்தில் என்னோடு பேச ஆரம்பித்தாள். அத்தான் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் போனார். எட்டு வருடம். நீ பிறந்த மூன்றாம் நாள், ஆடி மாதச் சாரலில் குடையோடு வந்து, உன்னை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "கதவச் சாத்து. புள்ளைக்குக் குளிருது" என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். அங்கே கதவைச் சாத்தக்கூடிய ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று போன வாரம் இரண்டு பேரிடமும் கேட்டேன். மாமா யோசித்துவிட்டு, "அவன் எஞ்சினத் தொடுற பய. தெரியட்டும்" என்றார். அத்தை, "மழையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. எழுது" என்றாள்.

உன் வண்டியில் நீ எதை வேண்டுமானாலும் மாற்று. உனக்குக் கைத்திறன் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எதை மாற்றினாயோ அதைப் பின்னால் உட்காரப் போகிறவளிடம் உட்காரும் முன்னாலேயே சொல்லிவிடு. அது எங்கே நன்றாக ஓடும், எங்கே ஓடாது என்று உனக்குத் தெரிந்த வரை சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் பஸ்ஸில் வருகிறேன் என்றால் பஸ்ஸில் வரட்டும். வண்டியைப் பற்றி மட்டும் நான் இதைச் சொல்லவில்லை என்று உனக்குப் புரியும். ஒரு தப்பு நடந்து, உன்னால்தான் என்று உனக்கு மட்டும் தெரிகிற ஒரு நாள் உனக்கும் வரும். அன்றைக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடு. அதற்கு மேல் போனால் வருடக் கணக்காகிவிடும், நடுவில் அடுத்தவர்கள் உன் பொய்யை வைத்துக் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்று காலை வரை உன் அம்மாவுக்கும் இது தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் மாமாவுக்கும் எனக்கும் ஏதோ வாய்த் தகராறு என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். தபாலில் போடுவதற்கு முன், இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள், பாதியில் கையை நிறுத்திவிட்டாள். முடிந்ததும், "எங்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லாம வச்சுருக்கீக?" என்று கேட்டாள். நானும் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் உண்மை. ஆனால் அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. கறிவேப்பிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் அப்பா